அச்சுறுத்தல் இல்லாத காடு

தாங்கள் காப்பீட்டுத் துறையில் இருப்பதாகச் சொன்னதனால்தான் இவ்வளவு பேசத் துணிகிறேன். இல்லாவிட்டால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொந்தக் கதையைக் கொட்டுகிற வழக்கம் அடியேனுக்குக் கிடையாது. செங்கோட்டையில் ஏறினால் திருநெல்வேலி போய்ச் சேரும்வரை வாய்க்குள்ளேயே பதிகம் ஓதிக்கொண்டு வருவேன். பாவூர்சத்திரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். இன்றைக்கும் தொடங்கினேன், இரண்டாம் அடி வரவில்லை. மனம் அப்படிக் கொதித்துப்போயிருக்கிறது. ஆபத்து என்றால் என்ன, ஆபத்துக்கு விலை எவ்வளவு என்பதெல்லாம் தங்கள் தொழில். ஆகையால் தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் பெயர் ஆறுமுகநயினார். மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு முப்பத்திரண்டு ஏக்கர் காடு. தோப்பு அன்று, தோட்டமும் அன்று; காடு. வேங்கையும் மருதும் கோங்குமாக வானத்தை மறைத்து நின்ற காடு. நடுவிலே ஒரு சுனை. பாட்டனார் காலந்தொட்டு அதில் ஒரு மரம் வெட்டுப்பட்டதில்லை. காத்தவன் ஈசன். கூடவே, உண்மையை மறைப்பானேன், நீதிமன்றமும் கொஞ்சம் காத்தது. எனக்கும் என் தம்பிக்கும் பாகப்பிரிவினை வழக்கு முப்பத்தோர் ஆண்டுகள் நடந்தது. இருவரில் எவரும் சுள்ளி ஒடிக்கக் கூடாது என்று தடையாணை. தம்பி முந்தின ஆண்டு சிவபதம் அடைந்தான். வழக்கும் அவனோடு முடிந்தது. ஆனால் முப்பத்தோர் ஆண்டுகள் காட்டைக் காத்த புண்ணியம் யாரைச் சேரும்? ஒரு வாய்தாவும் தவறாமல் வழக்கை நடத்தியவனைத்தானே?

சென்ற சித்திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. சொந்தக் காட்டை வெட்டாமல் காப்பவர்களுக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் ஊக்கத்தொகை. எனக்குப் பண ஆசை கிடையாது ஐயா. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் இடப வாகனம் வெறும் மரமாகவே நிற்கிறது. அதற்கு வெள்ளிக் கவசம் சாத்திவிடலாம் என்று அப்போதே மனத்தில் சங்கற்பம் செய்துகொண்டேன். உபயதாரர் பெயர் பொறிப்பதில்கூட எனக்கு விருப்பமில்லை. தட்டார்தாம் வற்புறுத்திக் கேட்டார். எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம். 'காட்டுக்கு உள்ள அச்சுறுத்தல்களை விவரிக்கவும்.' நான் என்ன எழுதுவேன்? 'யாதும் இல்லை. ஈசன் காவல்' என்று எழுதினேன். முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

திட்ட அலுவலர் மெர்லின் என்று ஓர் அம்மையார். என் மகள் வயது இருக்கும். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், அச்சுறுத்தல் இல்லேன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆம் அம்மா."

"அப்போ பணம் எதுக்கு சார்?"

"காத்ததற்கு."

"யார்கிட்டேயிருந்து?"

இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்ப்போமா ஐயா? அம்மையாரே தொடர்ந்தார்.

"நாங்க குடுக்காட்டாலும் உங்க காடு நிக்கத்தானே செய்யும்? நிக்கிற காட்டுக்குக் குடுத்தா தணிக்கையில எங்களக் கேப்பாங்க சார். வெட்டப் போறவங்க கையைப் புடிச்சு நிறுத்தத்தான் இந்தப் பணம். நீங்க வெட்டப் போறீங்களா?"

"சிவ சிவா!"

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாது சார்."

எங்கள் காட்டுக்கு வடக்கே கோட்டைச்சாமி என்று ஒருவர். இருபது ஏக்கர் காட்டில் பத்தை மொட்டை அடித்து ரப்பர் வைத்தவர். மிச்சம் பத்தையும் அடுத்த ஆண்டு வெட்டப் போவதாகப் படிவத்தில் கூசாமல் எழுதினார். அவருக்கு முதல் பட்டியலிலேயே தொகை வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். 'வனக் காவலர்' என்று ஒரு பலகையும் கொடுத்து, அவர் ரப்பர் தோட்டத்து வாயிலில் அதை மாட்டியும் வைத்தார்கள்.

தன்னை அறியாமல் இரண்டு இலை பறித்துப் போட்ட வேடனுக்கும் முத்தி கொடுத்தவன் எங்கள் ஈசன். நல்லவனை வாயிலில் நிறுத்திவிட்டுப் பாவியை முதலில் உள்ளே அழைக்கிறவன் அவன். அந்த வரலாறுகளை ஓதும்போதெல்லாம் நாற்பது ஆண்டுகளாக எனக்குக் கண்ணீர் பெருகும். அதையே அரசாங்கம் செய்தபோது எனக்கு இரத்தக் கொதிப்பு வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதில் முரண் ஏதும் இல்லை ஐயா. ஈசன் செய்தால் அருள். அரசாங்கம் செய்தால் அக்கிரமம். ஈசனுக்குத் தணிக்கை கிடையாது பாருங்கள்.

மறுபடி அந்த அம்மையாரிடம் போனேன். இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "வெளியாளுங்க யாராச்சும் காட்டுக்குள்ள வந்து போறாங்களா சார்? இருந்தா ஆதாரத்தோட எழுதிக் குடுங்க, பாப்போம்."

வந்து போகிறவள் ஒருத்தி உண்டு. குருவம்மா. மலையில் இருக்கும் பளியர் குடியைச் சேர்ந்தவள். ஐம்பது வயது இருக்கலாம். தேனும் கடுக்காயும் எடுக்க வருவாள். அவள் தாயாரும் அப்படித்தான் வந்தாள். பங்குனி பிறந்தால் எல்லை நெடுகச் சருகைக் கூட்டித் தீ பரவாமல் தடம் போடுவதும் அவள்தான். கூலி கேட்டதில்லை, ஆகையால் அதை நான் ஒரு வேலையாக நினைத்ததில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு புட்டித் தேன் கொண்டுவந்து, "சாமிக்கு அபிசேகத்துக்கு" என்று எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். நல்ல தேன். அதில் குறை சொல்ல மாட்டேன்.

அவள் பெயரில் அத்துமீறல் புகார் ஒன்று எழுதி வனத்துறையிலும் கிராம அலுவலகத்திலும் கொடுத்தேன். காட்டு வாயிலில் முள்கம்பி இழுத்துப் பலகையும் வைத்தேன். அவள்மேல் எனக்குப் பகை இல்லை. காட்டுக்கு ஓர் அச்சுறுத்தல் வேண்டியிருந்தது, கைக்கு எட்டிய தூரத்தில் அவள் இருந்தாள், அவ்வளவுதான். மெர்லின் அம்மையார் புகாரைப் படித்துவிட்டு, "ஒரு பொம்பள, ஒரு தேன்கூடு. இது அச்சுறுத்தல்ல வராது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அங்கிருந்து நேரே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் பத்திரம் எழுதும் பிச்சுமணியிடம் போனேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"அண்ணாச்சி, இதுக்கா இம்புட்டு வெசனம்? அச்சுறுத்தல் இல்லேன்னா என்ன, உண்டாக்கிருவோம்."

"எப்படி ஓய்?"

"மரம் வெட்ட அனுமதி கேட்டு மாவட்டக் குழுவுக்கு நீங்களே ஒரு மனு போடுங்க. முப்பது நாளு நோட்டீசு ஒட்டுவான். ஆட்சேபணை வரும். வந்தா குழு தள்ளிரும். தள்ளுன தாளை அந்தம்மாகிட்ட கொண்டுபோயி நீட்டுங்க. 'நான் வெட்டப் பாத்தேன், தடுத்திட்டாங்க, இனியும் பாப்பேன்' அப்படின்னு. இதுக்கு மேல அச்சுறுத்தல் என்ன வேணும்? மரமும் நிக்கும், பணமும் வரும்."

"ஆட்சேபணை வராவிட்டால்?"

"நம்ம ஊர்லயா? கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாலே நாலு பேரு மனு எழுதுவான். போங்க அண்ணாச்சி."

மனு நம்பும்படி இருக்க மர வியாபாரி ஒருவரோடு ஒப்பந்தமும் வேண்டும் என்றார். செல்லத்துரை என்கிறவர் வந்து கையெழுத்திட்டு முன்பணமும் கொடுத்தார். அந்தப் பணத்தை நான் தொடவில்லை. அப்படியே தட்டாரிடம் கொடுத்து வெள்ளி வாங்கச் சொன்னேன். பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள் ஐயா. ஒரு பொய்க்கு விண்ணப்பித்தேன். அதுவும் உரிய கட்டணம் செலுத்தி.

நோட்டீசு ஒட்டினார்கள். அடியேன் தினமும் காலைப் பூசை முடிந்ததும் கிராம அலுவலகத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரமும் அப்படியே. தேநீர்க் கடையில் காது கொடுத்தேன்.

"நயினார் அண்ணாச்சி காட்ட வெட்டுதாராம்லா."

"அவரு வெட்டுதாருன்னா கோயில் காரியமாத்தாம்ல இருக்கும். கொடிமரத்துக்கா இருக்கும்."

"அதுக்கு முப்பத்திரண்டு ஏக்கராவா?"

"ஏல, வாயக் கழுவு. நெத்தியில நீறு இல்லாம அவரு நடந்து பாத்திருக்கியா நீ?"

பார்த்தீர்களா ஐயா, நல்ல பெயரால் வரும் கேட்டை? ஊரில் ஓர் அயோக்கியன் இந்த மனுவைப் போட்டிருந்தால் ஒரே நாளில் ஊர் திரண்டிருக்கும். நானே வெட்கத்தை விட்டுப் பஞ்சாயத்துத் தலைவரிடம் போய், "யாரேனும் ஆட்சேபித்தால் நான் வருந்த மாட்டேன்" என்று சாடையாகச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். "அண்ணாச்சி, ஒங்க பெருந்தன்மைக்கு நாங்க ஆட்சேபணை சொன்னா நாக்கு அழுகிரும்" என்று காலில் விழுந்தார். எழுப்பி நீறு பூசி அனுப்பினேன். வேறென்ன செய்ய?

இருபத்தொன்பதாம் நாள் கிராம அலுவலகத்துக்குக் குருவம்மா வந்தாள். நான் அங்கேதான் பெஞ்சில் இருந்தேன். அவளைக் கண்டதும் என் நெஞ்சு குளிர்ந்தது. ஈசனே, ஒருத்தியை அனுப்பினாயே என்று கைகூப்பினேன். அவள் உதவியாளர் முன்னால் நின்றுகொண்டு, "அந்தக் காட்ட வெட்டக் கூடாதுங்க. கோங்குல இருவது கூடு தேன் நிக்கி. சொனை செத்துப்போகும்ங்க" என்றாள்.

உதவியாளர் ஏட்டைப் புரட்டினார். "நீ குருவம்மாதான? ஒம்மேலயே அத்துமீறல் புகார் கெடக்கு. அந்தக் காட்டுக்குள்ள போகவே கூடாதுன்னு இருக்க ஆளு, அங்க இருபது கூடு நிக்குன்னு எப்படிச் சொல்லுத? போனேன்னு ஆகும். எழுதட்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். "சாமி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

உதவியாளரும் என் முகத்தைப் பார்த்தார். வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதிப் புகாரைத் திரும்பப் பெறலாம். அவளுடைய ஆட்சேபணையை ஏற்றுக்கொள்வார்கள். என் காரியமும் முடியும். எனக்குத் தெரியாததா? ஆனால் ஐயா, கையெழுத்திட்டுக் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றால் முன்பு கொடுத்தது பொய் என்று ஆகாதா? எழுபத்தொரு வயதில், ஊரறிய, ஒரு தேன்காரிக்காக ஆறுமுகநயினார் பொய்யன் என்று பெயர் எடுப்பதா? கண்களை மூடிக்கொண்டு ஐந்தெழுத்தை நினைத்தேன். திறந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். எத்தனை முறை நினைத்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

அதன்பின் பதினோராம் நாள் அனுமதி வந்தது. பிச்சுமணி அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எனக்கே நம்ப முடியல அண்ணாச்சி. முப்பது வருசமா மனு எழுதுதேன். செத்தவனுக்குச் சான்றிதழ் வாங்கவே ஆறு மாசம் ஆகும். இது என்னமோ தபால்காரன் கையிலயே அச்சடிச்ச மாதிரி வந்திருக்கு. ஆட்சேபணை ஒண்ணுமில்ல, மனுதாரர் நன்னடத்தை உள்ளவர்னு வேற குறிப்பு."

"இப்போது என்ன ஓய் செய்வது?"

"வேண்டாம்னு இன்னொரு மனு போடலாம்." ஓரமாகத் துப்பினார். "அது நெதானமா நடக்கும்."

மறு வாரம் செல்லத்துரை இரண்டு லாரியோடும் ஆட்களோடும் வந்து நின்றார். வியாபாரி என்றாலும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் தயக்கத்தைக் கண்டதும், "அண்ணாச்சி, மனசில்லேன்னா அந்த அட்வான்ஸை மட்டும் திருப்பிக் குடுங்க. நான் வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருதேன். மரம் எங்கயும் கெடைக்கும்" என்றார்.

அந்த நேரத்தில் வெள்ளித் தகடு இடபத்தின் திமில்வரை ஏறிவிட்டது. கொம்பும் முகமும் பாக்கி. என் பெயரும் இடப்பக்கத்தில் அடித்தாகிவிட்டது. என் மனைவி கோமதி வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "காட்டுல ஆடுதவரு ஒங்ககிட்ட வந்து வெள்ளி மாடு வேணும்னு கேட்டாரா? தகட்டக் கழத்திப் போட்டு யாவாரி பணத்தக் குடுத்து அனுப்புங்க!" பெண்பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? இறைவனுக்குச் சாத்தியதை உரிப்பதா? அதைவிடப் பாதகம் உண்டா? சாத்திரத்தில் அதற்குக் கழுவாய் கிடையாது. மரம் வெட்டுவதற்கு உண்டு. நான் யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

கழுவாய் செய்யாமல் விட்டேன் என்று எண்ணாதீர்கள். எங்கள் ஓதும் கூட்டத்தார் பன்னிரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய் முதல் வேங்கையின் அடியில் விரிப்புப் போட்டு அமர்ந்து, பொழுது உச்சிக்கு வரும்வரை பாடினோம். மரத்தில் குடியிருக்கும் தேவதைகளே, பறவைகளே, வேறிடம் பெயர்க என்று வேண்டிக்கொண்டோம். அதுவரை ஓர் இலையிலும் கோடரி படவில்லை. செல்லத்துரையின் ஆட்கள் ஓரமாக உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்கள். நாங்கள் விரிப்பை உதறி மடித்ததும் இயந்திர ரம்பத்தை முடுக்கினார்கள்.

பத்தொன்பது நாள் வெட்டினார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை; மூட்டு வலி. புகை போட்டுத் தேனீயைக் கிளப்பியபோது அது ஊருக்குள் வந்து சந்நிதித் தெருவில் ஏழு பேரைக் கொட்டியதாகச் சொன்னார்கள். ஐப்பசி மழையில், காட்டுச் சுனையிலிருந்து ஊருக்கு இறங்கும் ஓடைத் தண்ணீர் செம்மண் குழம்பாக வந்தது. அபிடேகத்துக்கு அதை எடுக்க முடியாமல் இப்போது குழாய்த் தண்ணீர்தான். வெள்ளி இடபம் மட்டும் கார்த்திகையில் வீதியுலா வந்தது. கண்கொள்ளாக் காட்சி. ஊரில் ஒருவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, அது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

தை மாதம் மெர்லின் அம்மையார் வீட்டுக்கே வந்தார். கையில் புதிய படிவம். 'சிதைந்த தனியார் காடுகளை மீட்கும் திட்டம்.' ஏக்கருக்கு முந்தையதைப்போல மூன்று பங்கு.

"இப்போ நீங்க முழுத் தகுதி சார்" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை. பாவம், வெட்கம் போலிருக்கிறது. முன்பு மறுத்ததற்காக இருக்கலாம்.

கன்று நட்டு வளர்க்க ஐந்தாண்டு நிதி. மலைவாழ் மக்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது விதி. சரியென்று பட்டியலில் முதல் பெயராகக் குருவம்மாவைப் போட்டேன். பழைய புகாரையும் நானே திரும்பப் பெற்றேன். புகார் நிலுவையில் உள்ள ஆளை வேலைக்கு வைத்தால் நிதி வராது என்று பிச்சுமணி சொன்னார். எப்படியோ, அவளுக்கு நான் கதவைத் திறந்துவிட்டேன் அல்லவா? கைநாட்டு வைக்க வந்தவள் ஒன்றுதான் கேட்டாள்: "இந்தக் கன்னுல ஈ வந்து கூடு கட்ட எத்தன வருசம் ஆகும் சாமி?" ஈசன் அருளால் எல்லாம் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். நன்றியுள்ளவள் என்றல்லவா நினைத்தேன்!

அவள் என்ன செய்தாள் தெரியுமா ஐயா? வேலைப் பட்டியலில் பெயர் ஏறியதும் அவளும் திட்டத்தில் ஒரு பங்காளி ஆகிவிட்டாள். இப்போது அவள் மனுக் கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். மலைப் பள்ளிக்கூடத்து ஆசிரியரை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்து அனுப்பியிருக்கிறாள். ஆட்சேபணை! முப்பது நாள் தவம் கிடந்து எனக்குக் கிடைக்காத ஆட்சேபணை! நிதி முழுவதும் நின்றுபோயிற்று. மண்டல அலுவலகத்தில் இன்று பதினொரு மணிக்கு விசாரணை. அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆலங்குளம் தாண்டிவிட்டது போலிருக்கிறது. இதோ நகல். படிக்கிறேன், கேளுங்கள். 'கன்று நட வேண்டாம். குழி தோண்ட வேண்டாம். வெட்டின அடிமரம் எல்லாம் துளிர் விட்டிருக்கிறது. அவர் உள்பட யாரும் உள்ளே போகாமல் சும்மா விட்டால் காடு தானாக வந்துவிடும். எங்கள் குடி காவல் இருக்கும். எங்களுக்குக் கூலி வேண்டாம். அவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.'

அவர் உள்பட! என் காட்டுக்குள் நான் போகக் கூடாதாம். அதையாவது கல்லாதவள் பேச்சென்று மன்னித்துவிடலாம். ஆனால் அலுவலர் முன்னால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். பல நாள் யோசித்து வைத்திருக்கிறேன். இதற்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. தாங்களும் கேட்டுப் பாருங்கள். நட வேண்டாம், தோண்ட வேண்டாம், வெட்டவும் வேண்டாம், அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவைக்கிற காட்டுக்கு, எந்த அரசாங்கம் ஐயா பணம் கொடுக்கும்?